அன்னமய்யாவும் அட்டை வினாடி வினாவும்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவியர் சார்பில்

விரிவானம் என்றால் எங்களுக்கு எப்போதும் ஒரு தனிப் பிரியம். மனப்பாடச் செய்யுள் இல்லை, அலகிட்டு வாய்பாடு எழுதும் தொல்லை இல்லை. கதை மட்டுமே உண்டு. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் மூன்றாம் இயலில் அவ்வாறு எங்களுக்கு வாய்த்தது, கி. ராஜநாராயணன் அவர்களின் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலிலிருந்து ஒரு பகுதி. இவ்வாண்டு அதனை எங்கள் தமிழாசிரியை அவர்கள் கரும்பலகையால் மட்டுமன்றிக் கணினித் திரையாலும், கைப்பேசியாலும், பின்னர் வெறும் காகித அட்டைகளாலும் நடத்தினார்கள். அந்த அனுபவத்தைத்தான் இங்கே எழுத முனைகின்றோம். எழுதுவது ஒரு கைதான் என்றாலும் சொல்வன 38 வாய்கள் என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

பள்ளியை விட்டு ஆண்டுகள் பலவாகிவிட்ட பெற்றோர்களுக்காகக் கதையை முதலில் சுருங்கச் சொல்லிவிடுகிறோம். கரிசல் காட்டில் புஞ்சை வேலை நடந்துகொண்டிருக்கிறது. அன்னமய்யா யாரோ ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறான். தூரத்தில் பார்ப்பவர்களுக்குச் சன்னியாசிபோலத் தோன்றும் அந்த ஆள், உண்மையில் நெடுந்தூரம் வந்து பசியால் துவண்டுபோன ஓர் இளைஞன். அவனுக்கு அன்னமய்யா ஒரு சிரட்டையில் நீத்துப்பாகம் வார்த்துக் கொடுத்திருக்கிறான். நீத்துப்பாகம் என்பது கஞ்சியின் மேல் தெளிந்து நிற்கும் நீர். அதைக் குடித்ததும் போன உயிர் திரும்பியதுபோல் ஆகிறது அந்த இளைஞனுக்கு. பெயர்கள் அதற்குப் பிறகுதான் வெளிவருகின்றன. இவன் அன்னமய்யா, அவன் மணி. பிறகு வேலை செய்தவர்களோடு அமர்ந்து கம்மஞ்சோறும் துவையலும். இவ்வளவுதான் கதைப்பகுதி. கொலை இல்லை, கொள்ளை இல்லை, ஒரு கல்யாணம்கூட இல்லை. “இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்ட தோழியரும் எங்களுள் உண்டு.

ஆசிரியரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவல் அவருடைய ஊர். ‘கோபல்ல கிராமம்’ என்னும் நாவலை 1976-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் தொடர்ச்சியே ‘கோபல்லபுரத்து மக்கள்’. 1991-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருது இதற்குக் கிடைத்தது. அதே இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி அவர்களுக்கும் 1970-ஆம் ஆண்டு, அவர் மறைந்த பின்னர், அதே விருது கிடைத்திருக்கிறது. ஒரு சிற்றூருக்கு இரண்டு சாகித்திய அகாதெமி விருதுகள்! மழைக்காகத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும், அப்போதும் பள்ளியைப் பாராமல் மழையையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும் கி. ரா. வேடிக்கையாகச் சொல்வார். (சிஸ்டர் அவர்கள் இந்த வரியை வேகமாகக் கடந்துவிட வேண்டுகிறோம்.) அப்படிப்பட்டவர் பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்தார். கரிசல் மக்களின் பேச்சுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். 2021-ஆம் ஆண்டு மே 17 அன்று புதுச்சேரியில் மறைந்தார்.

இனி வினாடி வினாவுக்கு வருவோம்.

முதலில் எங்களைக் கணினி அறைக்கு அழைத்துச் சென்றார்கள். இருவருக்கு ஒரு கணினி. ‘கஹூட்’ என்பது அந்த விளையாட்டின் பெயர். 2013-ஆம் ஆண்டில் நார்வே நாட்டில் தொடங்கப்பட்டதாம். பெரிய திரையில் கேள்வி தோன்றும். எங்கள் கணினியில் நான்கு வண்ணக் கட்டங்கள் மட்டும் தோன்றும்: சிவப்பு முக்கோணம், நீலச் சாய்சதுரம், மஞ்சள் வட்டம், பச்சைச் சதுரம். ஒவ்வொன்றும் ஒரு விடை. பின்னணியில் நெஞ்சைப் படபடக்கச் செய்யும் ஓர் இசை ஒலித்துக்கொண்டே இருக்கும். சரியான விடையை விரைவாகத் தொட்டவர்களுக்கு மதிப்பெண் அதிகம்; தாமதித்தவர்களுக்குக் குறைவு. ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் முன்னணியில் நிற்கும் பெயர்கள் திரையில் ஏறியும் இறங்கியும் வரும். அன்று எங்கள் வகுப்பில் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டு, அடுத்த அறையில் கணக்கு நடத்திக்கொண்டிருந்த ஆசிரியை ஏதோ விபத்து நேர்ந்துவிட்டதென்று ஓடி வந்தார்கள் என்றால் மிகையாகாது. “முக்கோணம், முக்கோணம்!” என்று ஒருத்தி கத்த, “வட்டம்டீ!” என்று அவள் கூட்டாளி கையைத் தட்டிவிட, கி. ரா.வின் கரிசல் காடு அன்று மாட்டுச் சந்தையாகிவிட்டது.

அந்த வகுப்பில்தான் ‘மகளிர்’ கேள்வி பிறந்தது. பாடத்தில் ‘மகுளி’ என்று ஒரு சொல் வருகிறது. சோற்றுக் கஞ்சி என்று பொருள். எங்கள் ஆசிரியை அவர்கள் இரவு கண்விழித்துக் கைப்பேசியில் கேள்விகளைத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். கைப்பேசியோ, தனக்கு எல்லாம் தெரியும் என்னும் எண்ணத்தில் அச்சொல்லைத் தானே திருத்திவிட்டது. அதன் பயனாக, தலைமையாசிரியை சிஸ்டர் அவர்கள் பார்வையிட வந்து வாயிலில் நின்ற அதே வேளையில், ஆறடித் திரையில், “மகளிர் என்பதன் பொருள் யாது?” என்ற வினாவும், அதன்கீழ் “சோற்றுக் கஞ்சி” என்ற விடையும் பச்சை நிறத்தில் ஒளிர்ந்தன. மகளிர் பள்ளியில் இப்படியொரு கேள்வி! சிஸ்டர் அவர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்து படித்துவிட்டு, “அப்போ நானும் கஞ்சியா?” என்று கேட்டதும் எழுந்த சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

மறுநாள் திருத்திய கேள்வி வந்தது. அதில்தான் இந்த முறையின் உண்மையான பயனை நாங்கள் கண்டோம். மகுளி என்றால் பாம்பாட்டி ஊதும் கருவி என்று எங்களில் 23 பேர் விடையளித்திருந்தார்கள். மகுடியும் மகுளியும் அத்தனை நெருக்கம்! வழக்கம்போல் ஆசிரியை, “எல்லாருக்கும் புரிந்ததா?” என்று கேட்டிருந்தால், “புரிந்தது டீச்சர்” என்று 38 பேரும் ஒரே குரலில் பாடியிருப்போம். அந்தப் பாட்டை நாங்கள் முதல் வகுப்பிலிருந்து பாடி வருகிறோம். திரையோ அரை நிமிடத்தில் உண்மையைக் காட்டிக்கொடுத்துவிட்டது. தொலவட்டை என்றால் தொலைவு, வரத்துக்காரன் என்றால் ஊருக்குப் புதியவன், பதனம் என்றால் கவனம் என்று வட்டாரச் சொற்கள் அனைத்தும் இரண்டே பாடவேளைகளில் எங்கள் நாவில் குடியேறின. ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது என்பது எங்கள் கருத்து. அதில் ஐயமில்லை.

ஆனால் அந்தத் திரையில் முதல் ஐந்து பெயர்கள் மாறி மாறி வந்துகொண்டிருக்க, விளையாட்டு முடிந்ததும் வரும் முழுப் பட்டியலில் கடைசிப் பெயர் மாறவே இல்லை. அது எங்கள் விடுதித் தோழி ஒருத்தியின் பெயர். இங்கே அவள் பெயரை எழுத வேண்டாம் என்று அவளே கேட்டுக்கொண்டாள். கோவில்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து எங்கள் விடுதியில் தங்கிப் படிப்பவள். எதையும் நிதானமாக, ஒரு சொல்லையும் விடாமல் படிப்பது அவள் பழக்கம். கேள்விக்கு 20 விநாடிகள்தாம் நேரம். அவள் நான்காவது விடையை வாசித்து முடிக்கும்போது இசை நின்றிருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் வகுப்பில் நீத்துப்பாகம் குடித்து வளர்ந்தவள் அவள் ஒருத்திதான். மகுளி என்னும் சொல்லைப் பாடநூல் வாங்குவதற்கு முன்பே அறிந்தவளும் அவள்தான். முந்தைய நாள் இரவு புத்தகத்தின் ஓரத்தில் பார்த்து அச்சொல்லைத் தெரிந்துகொண்டவர்கள் மேலே நின்றார்கள். வீட்டில் பேசிப் பழகியவள் கீழே நின்றாள். மூன்றாம் நாள் அவள், “நீயே அமுக்கு” என்று தன் கூட்டாளியிடம் சொல்லிவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆசிரியை அவர்கள் இதைக் கவனித்திருக்க வேண்டும். கஹூட்டை நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்தே அவரவர் வேகத்தில் செய்யக்கூடிய ‘குவிசிஸ்’ என்னும் வேறொரு வினாடி வினாவைக் கொடுத்தார்கள். இது நம் பெங்களூரில் 2015-ஆம் ஆண்டில் தோன்றியது. 2025-ஆம் ஆண்டில் ‘வேகிரவுண்ட்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆயினும் எங்கள் நாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. அவசரமில்லை, கடிகாரத்தை ஆசிரியர் விரும்பினால் அணைத்துவிடலாம். ஆனால் இதற்கு ஆளுக்கொரு கைப்பேசி வேண்டுமே! எங்களில் பலர் வீட்டில் கைப்பேசி ஒன்றுதான். அது அப்பாவோடு வேலைக்குப் போய், இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும். வந்ததும் அண்ணன் கையில் ஏறும். அண்ணன் கிரிக்கெட் பார்த்து முடித்து, மின்னேற்றத்தில் சொருகிய பிறகு எஞ்சியதுதான் தங்கைக்கு. தங்கை கேட்டால், “பொம்பளப் பிள்ளைக்கு ராத்திரியில போன் எதுக்கு?” என்ற கேள்வி வரும். அதற்கு நான்கு விடைகள் கொடுக்கப்படுவதில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, “போன பருவத்துல போனே கொடுக்காதீங்கன்னு சொன்னீங்க, இந்தப் பருவத்துல போன்ல பாடம்னு சொல்லுதீங்க, எதைம்மா கேக்கட்டும்?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. விடுதி மாணவியரிடம் கைப்பேசி இருக்கவே கூடாது என்பது விதியாதலால், அவர்கள் அத்தனை பேரும் ஆட்டத்திற்கு வெளியே நின்றார்கள்.

அப்போதுதான் அட்டைகள் வந்தன.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறோம். வேறு பள்ளி ஆசிரியைகள் இம்மலரைப் படித்தால் பயன்படுமே! ‘பிளிக்கர்ஸ்’ என்று இதற்குப் பெயர். மாணவியர் கையில் கைப்பேசியே வேண்டாம். ஆளுக்கொரு காகித அட்டை போதும். அட்டையின் நடுவே கறுப்புக் கட்டங்களாலான ஓர் உருவம் அச்சிடப்பட்டிருக்கும். ஒருத்தி அட்டைபோல் மற்றொருத்தி அட்டை இராது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. உருவத்தின் நான்கு பக்கங்களிலும் நான்கு விடைகளுக்குரிய எழுத்துகள் இருக்கும். எந்த விடை சரியென்று நினைக்கிறோமோ அந்த எழுத்து மேலே வருமாறு அட்டையைத் திருப்பித் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆசிரியை தம் கைப்பேசியின் கேமராவை வகுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெல்லச் சுழற்றினால் போதும். யார் எந்த விடை அளித்தார் என்பது பதிவாகிவிடும். எழுத்துகள் மிகச் சிறியவை. ஆகையால் பக்கத்தில் இருப்பவளுக்கு நம் விடை தெரியாது. கடிகாரம் இல்லை, இசை இல்லை. ஒரு பள்ளிக்கு ஒரு கைப்பேசி போதுமென்றதும் சிஸ்டர் அவர்கள் மகிழ்ந்து அனுமதி தந்தார்கள்.

முதலில் செய்த அட்டைகளைப் பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்டு அழகுபடுத்தினோம். டியூப்லைட் வெளிச்சம் பட்டு அவை கண்ணாடிபோல் மின்ன, கேமரா ஒன்றையும் படிக்கவில்லை. பிறகு வெறும் தாளில் அச்சிட்டு, பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்புறம் ஒட்டினோம். எங்கள் வினாடி வினாவின் பின்பக்கத்தில் மணமக்கள் பெயரும் முகூர்த்த நேரமும் இருக்கும். கறுப்புக் கட்டத்தின்மேல் விரல் படாமல் ஓரத்தைப் பிடிக்கவும் பழகிக்கொண்டோம். 17 என்பது எங்கள் விடுதித் தோழியின் அட்டை எண்.

அட்டை வந்த முதல் வாரத்தில் அவளுடைய விடைகள் பெரும்பாலும் சரி. ஆசிரியை அவர்கள் அதை வகுப்பில் சொல்லவில்லை. அவளைத் தனியே அழைத்துச் சொன்னார்கள். அவள் விடுதியில் எங்களிடம் சொன்னாள். அவ்வளவுதான் விளம்பரம்.

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள். “கடிச்சுக் குடித்தல் என்பதன் பொருள் யாது?” என்று திரையில் வினா. கதையில் அந்தச் சிரட்டையிலிருந்து குடிப்பதைப் பற்றி வரும் சொல் அது. வாய் வைத்துக் குடித்தல் என்பது விடை. 38 அட்டைகளும் உயர்ந்தன. ஆசிரியை கேமராவைச் சுழற்றினார்கள். 38-ம் சரி! திரை முழுவதும் பச்சை. வகுப்பு கைதட்டியது. ஆசிரியையும் மகிழ்ந்து அடுத்த கேள்விக்கு நகர்த்தப் போனார்கள். அப்போது நம் தோழி எழுந்து நின்றாள். ஆண்டின் தொடக்கத்திலிருந்து வகுப்பில் தானாக அவள் எழுந்து நின்றது அதுவே முதல் முறை.

“டீச்சர், அந்தக் கேள்வி முடியலை டீச்சர்.”

“ஏன்மா? எல்லாரும் சரியாத்தானே சொல்லிட்டீங்க?”

“அர்த்தம் சரிதான் டீச்சர். எங்க ஆச்சி சின்னப் பிள்ளையா இருக்கையில களையெடுக்கப் போன வீட்டுல தண்ணி கேட்டா, கையைக் குவிக்கச் சொல்லி மேலயிருந்து ஊத்துவாங்களாம். சொம்பைத் தொட விட மாட்டாங்களாம். வாயில வச்சுக் குடிக்கதுங்கிறது அவ்வளவு பெரிய விசயம். அன்னமய்யா வந்தவன் யாரு, எந்த ஆளுன்னு கேக்கவே இல்லையே டீச்சர். பேரு கூடத் தெரியாது. தெரியாமலே வாய் வச்சுக் குடிக்கக் கொடுக்கான். நாம அதைக் கேக்கவே இல்லை.”

இவ்வளவையும் அவள் நிதானமாகத்தான் சொன்னாள். குரல் மட்டும் ஓரிடத்தில் சற்றுத் தடுமாறியது. நாங்கள் யாரும் அசையவில்லை. எங்களில் சிலருடைய வீடுகளில் அவ்வாறு மேலிருந்து ஊற்றிய ஆச்சிகளும் இருந்திருக்கக்கூடும் என்பது அந்த மௌனத்தில் எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. ஆசிரியை கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, “உட்காரும்மா” என்று சொல்லாமல், “இன்னும் சொல்லு” என்றார்கள். அன்று அதன்பிறகு வினாடி வினா நடைபெறவில்லை. பாடநூலை எடுத்து அந்தப் பகுதியை முதலிலிருந்து அவர்களே வாய்விட்டுப் படித்தார்கள். நாங்கள் கேட்டோம். ஏற்கெனவே பல முறை படித்த பக்கங்கள்தாம். இம்முறை சிரட்டை வந்த இடத்தில் யாரும் புத்தகத்தைப் பார்க்கவில்லை.

இதிலிருந்து நாங்கள் உணர்ந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 23 பேர் தவறாகச் சொன்ன மகுளியிடம் நாங்கள் ஒரு நிமிடம் நின்றோம், ஆசிரியை விளக்கினார்கள், கற்றோம். 38 பேரும் சரியாகச் சொன்ன இடத்திலோ நில்லாமலே கடந்துபோக இருந்தோம். சிவப்பு எரிந்தால் நில், பச்சை எரிந்தால் போ என்பது சாலைக்குப் பொருந்தும். கதையில் பச்சை எரிந்த இடத்தில்தான் பள்ளம் ஆழமாக இருந்தது. பாருங்கள், அன்னமய்யா கேள்வி கேட்காதவன். முதலில் கஞ்சி, பிறகுதான் பெயர். அவன் கதையைப் படிக்க நாங்கள் எடுத்துக்கொண்ட கருவியோ கேள்வியைத் தவிர வேறொன்றும் அறியாதது!

மறுநாள் ஆசிரியை ஒரு புது ஏற்பாடு செய்தார்கள். இனிமேல் கேள்விகளை நாங்களே எழுத வேண்டும். நிபந்தனை ஒன்றுதான்: வகுப்பு முழுவதும் ஒரே விடை சொல்லிவிடக்கூடிய கேள்வியாக இருக்கக் கூடாது. அந்தப் பிளிக்கர்ஸில் சரியான விடை இதுவென்று குறிக்காமலே கேள்வி கேட்கவும் வழியுண்டு. அப்போது திரையில் பச்சையும் சிவப்பும் வராது. எத்தனை பேர் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும்.

கேள்வி கேட்பது எளிது என்று நினைப்பவர்கள் ஒரு முறை நான்கு விடைகளோடு எழுதிப் பார்க்கட்டும். சரியான விடை ஒன்றை எழுதிவிடலாம். மீதி மூன்றையும், பொய்யென்று பளிச்செனத் தெரியாமல், அதே சமயம் நேர்மையாகவும் எழுத வேண்டுமே! அதற்குக் கதையைத் தலைகீழாக அறிந்திருக்க வேண்டும். ஒரே ஒரு கேள்விக்காக எங்கள் குழு அந்தப் பாடத்தை ஏழு முறை படித்தது. பொதுத்தேர்வுக்குக்கூட யாரும் ஏழு முறை படிப்பார்களா என்பது ஐயமே. முதலில் எழுதிய கேள்விகள் பல ஆசிரியையின் சிவப்பு மைக்கு இரையாயின. “கம்மஞ்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டது எது?” என்பதற்கு ‘ஐஸ்கிரீம்’ என்று ஒரு விடை எழுதிய குழுவின் தாளில், “நீங்கள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்” என்று எழுதியிருந்தார்கள்.

தேறிய கேள்விகளில் ஒன்று: அன்னமய்யாவுக்கு அப்பெயர் இல்லாமல் வேறு பெயர் இருந்திருந்தால் கதைக்குக் குறை நேர்ந்திருக்குமா? பெயரும் செயலும் பொருந்தியிருப்பதை விளக்குக என்று நெடுவினாவாகக் கேட்கப்படுவதையே இப்படித் திருப்பிப்போட்டார்கள். நேர்ந்திருக்கும் என்று 20 பேர், நேர்ந்திராது என்று 11 பேர். ‘பெயர் பொருந்தியதாக மணிக்குத் தோன்றியதே முக்கியம்’ என்ற மூன்றாம் விடைக்கு 7 பேர். அந்த எழுவரும் அரை மணி நேரம் மற்ற 31 பேரையும் எதிர்த்து வாதாடினார்கள். நான்காம் விடைக்கு ஒருவரும் இல்லை. அது என்னவென்றே இப்போது நினைவில் இல்லை.

இதையெல்லாம் கேட்ட ஒரு தோழியின் அப்பா, “எல்லாம் சரி, மார்க் கூடிச்சா?” என்று கேட்டார். அதற்கும் விடை சொல்வது எங்கள் கடமை. ஒரு மதிப்பெண் வினாக்களில் கூடியது. எட்டு மதிப்பெண் நெடுவினாவில் வினாடி வினா எங்களைத் தூக்கிவிடவில்லை. சிலரைக் கீழே இறக்கியும்விட்டது. அட்டையைத் தூக்கிப் பழகிய கை முழுப் பக்கம் எழுதச் சோம்பியது. திருப்புதல் தேர்வில் ஒருத்தி கரிசல் விருந்தோம்பலை நான்கே வரிகளில், நான்கு விடைகளைப் போல, எழுதி முடித்துவிட்டாள். “விடை சரி, கட்டுரை எங்கே?” என்று தாளின் ஓரத்தில் குறிப்பு வந்தது. அதன்பின் ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு, அந்தப் பக்கத்தை ஏன் எடுத்தோம் என்று பத்து வரி எழுதும் வழக்கம் வந்தது. கஹூட்டில் முதலிடம் வாங்கியவர்களுக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. விரைவுக்கு மதிப்பு போய்விட்டதே என்று அவர்களுக்கு வருத்தம். அந்த வருத்தத்திலும் நியாயம் உண்டு; விரைந்து படிப்பதும் ஒரு திறமைதானே. ஆனால் எழுபது ஆண்டுக்கு முந்தைய ஒரு சொம்புத் தண்ணீரை நினைத்துப் பார்க்க 20 விநாடிகள் போதாது என்பது எங்களில் பெரும்பாலோர் முடிவு.

இன்னொரு நல்ல பயனும் விளைந்தது. பாடநூலில் உள்ளது நாவலின் ஒரு துண்டுதான். முழு நாவலும், அதற்கு முந்தைய ‘கோபல்ல கிராமம்’ நாவலும் எங்கள் நூலகத்தில் ஒவ்வொரு படிதான் இருக்கின்றன. கேள்வி தேடும் ஆசையில் அவற்றுக்கு வரிசை நின்றோம். முன்பதிவு ஏட்டில் ஒன்பது பெயர்கள். நூலகப் பொறுப்பாளரான சிஸ்டர் அவர்கள், ஆளுக்கு நான்கு நாள் என்று கெடு விதித்தார்கள். முதல் நாவலைப் படித்து முடித்த ஒருத்திதான் இவ்வாண்டின் கடைசிக் கேள்வியைக் கொண்டுவந்தாள். கோபல்ல கிராமத்து மக்கள் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அல்லர். அவர்களுடைய முன்னோர் தெலுங்கு நாட்டிலிருந்து அஞ்சி ஓடி, தெற்கே நடந்து வந்து, காட்டைத் திருத்தி ஊர் கண்டவர்கள் என்பது அந்நாவலின் கதை. இதைச் சொல்லிவிட்டு அவள் திரையில் காட்டிய கேள்வி:

“இந்தக் கதையில் வரத்துக்காரன் யார்?”

அ. மணி. ஆ. அன்னமய்யாவின் முன்னோர். இ. இருவருமே. ஈ. கதைக்கு வெளியே இருப்பவர்கள்.

அட்டைகள் உயர வெகு நேரம் ஆயிற்று. மேலே தூக்கிய பின்பும் சிலர் திருப்பித் திருப்பிப் பிடித்தார்கள். ஆசிரியை மூன்று முறை கேமராவைச் சுழற்ற வேண்டியிருந்தது. மணி என்று 6 பேர். முன்னோர் என்று 9 பேர். இருவருமே என்று 19 பேர். ‘கதைக்கு வெளியே’ என்பதற்கு 4 பேர். அந்த நால்வர் யார் யாரென்று ஆசிரியைக்கு மட்டுமே தெரியும், அவர்கள் சொல்லவில்லை. ஆனால் காரணம் சொல்ல விரும்புவோர் எழுந்திருக்கலாம் என்று அவர்கள் சொன்னதும், 17-ஆம் எண் அட்டைக்காரி தன் அட்டையைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு எழுந்தாள். அவளுக்கு முன்பாகவே, இவ்வாண்டு வேறு ஊரிலிருந்து வந்து எங்கள் வகுப்பில் சேர்ந்த மாணவி எழுந்து நின்றுவிட்டாள். “நீ முதல்ல சொல்லு” என்று இவள் கையைக் காட்டினாள்.